ஹிண்டமித்தின் டிரம்பெட் சொனாட்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியானோ வாசிப்பது என் தொழில். டிரம்பெட் கற்பவர்களுக்குத் தேர்விலும் சின்னக் கச்சேரிகளிலும் கூட வாசித்து வருகிறேன். பால் ஹிண்டமித் 1939-ல் டிரம்பெட்டுக்கும் பியானோவுக்கும் எழுதிய சொனாட்டாவை நிகழ்ச்சியில் வைக்கும்போதெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. மாணவர்கள் கேட்கிறார்கள், அவர்களைக் கூட்டிவந்த பெற்றோர் கேட்கிறார்கள், முதல் தடவை கேட்டவர்கள் வாசலில் நிறுத்திக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

1. மிஸ், சொனாட்டான்னா என்ன? அது பாட்டா?

பாட்டு இல்லை, வரிகள் கிடையாது. ஒரு வாத்தியமோ இரண்டு வாத்தியமோ வாசிப்பதற்காக, சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுரமும் எழுதிவைக்கப்பட்ட இசை. ஒவ்வொரு பகுதிக்கும் தனி வேகம், தனி மனநிலை இருக்கும். எல்லாப் பகுதிகளையும் சேர்த்துக் கேட்டால்தான் அது ஒரு படைப்பு.

இதைச் சேம்பர் மியூசிக் என்பார்கள். முன்னால் நின்று கையசைத்து வழிநடத்தும் நடத்துநர் கிடையாது. அறைக்குள் இரண்டு மூன்று பேர், ஒருவர் மூச்சு வாங்குவதை மற்றவர் கேட்டுச் சேர்ந்து எடுக்கும் இசை. இந்த சொனாட்டாவில் இருப்பது இரண்டே பேர். மூன்று பகுதிகள், மொத்தம் 15 நிமிஷத்துக்குச் சற்று மேலே போகும்.

2. ஹிண்டமித்தா? பேரே கேள்விப்பட்டதில்லையே, யார் அவர்?

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்தில் ஹனாவ் என்ற ஊரில் 1895-ல் பிறந்தவர். வயலின் படித்து, இருபது வயதை ஒட்டி ஃபிராங்க்ஃபர்ட் ஆபெரா (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) ஆர்கெஸ்ட்ராவின் முதல் வயலினாக உட்கார்ந்தார். அப்புறம் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவுக்கு மாறி, அமார் குவார்டெட் என்ற நால்வர் குழுவில் வாசித்து ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். 1927 முதல் பெர்லின் இசைக் கல்லூரியில் இசையமைப்புப் பேராசிரியர். மேடையில் வாசித்துப் பிழைத்தவர் என்பது அவர் எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். வாசிப்பவரின் கை எங்கே இருக்கும், மூச்சு எங்கே முடியும் என்று அறிந்துதான் எழுதியிருப்பார்.

முதல் உலகப் போரில் அவருடைய அப்பா 1915-ல் போர்முனையில் இறந்தார். பிறகு இவரும் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, படைப்பிரிவின் பேண்டில் பெரிய டிரம் வாசித்தார். இந்த இரண்டு செய்தியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் பகுதியைக் கேட்கும்போது உதவும்.

3. யூதர்ங்கிறதால ஜெர்மனியை விட்டுப் போனாரா?

அவர் யூதர் இல்லை. மனைவி கெர்ட்ரூடின் அப்பா லுட்விக் ராட்டன்பெர்க் யூதர். ஃபிராங்க்ஃபர்ட் ஆபெராவின் நடத்துநர். ஹிண்டமித் யூதக் கலைஞர்களோடு சேர்ந்து வாசிப்பதை நிறுத்தவில்லை. 1920-களில் அவர் எழுதிய துணிச்சலான சின்ன ஆபெராக்களும் 1933-ல் ஆட்சிக்கு வந்த நாஜிகளுக்குப் பிடிக்கவில்லை. இதெல்லாம் சேர்ந்து அவரைக் குறிவைக்க வைத்தது.

1934 மார்ச்சில் அவருடைய ‘மாதிஸ் டெர் மாலர்’ சிம்பொனியைப் புகழ்பெற்ற நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் பெர்லினில் நடத்தினார், பெரிய வரவேற்பு. அந்த நவம்பரில் ஹிண்டமித்துக்கு ஆதரவாக ஃபுர்ட்வெங்லர் பத்திரிகையில் வெளிப்படையாகவே எழுத, விவகாரம் வெடித்தது. டிசம்பரில் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் மேடையில் ஹிண்டமித்தைத் தாக்கிப் பேசினார். 1936-ல் அவர் இசையை வாசிக்கவே தடை வந்தது. 1937-ல் பெர்லின் வேலையை விட்டார். 1938-ல் டுசல்டார்ஃபில் ‘சீரழிந்த இசை’ என்று ஒரு கண்காட்சி வைத்து, அதில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். அதே வருஷம் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்.

இதை நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். அவர் முதல் நாளே எதிர்த்து வெளியேறியவர் அல்ல. நிலைமை சரியாகிவிடும் என்று சில வருஷம் காத்திருந்தார். இடையில் துருக்கி அரசு கூப்பிட்டு, அங்காராவில் இசைக் கல்வியை அமைக்க ஆலோசனை சொல்லப் போய்வந்தார். காத்திருந்தது தப்பா சரியா என்று பெரிய புத்தகங்களில் வாதம் உண்டு. சொந்த ஊரை விட்டுப் போக எவருக்கும் மனசு சட்டென்று வராது என்பதுதான் எனக்குப் புரிகிறது.

4. இது போருக்குப் பிறகு எழுதினதுதானே?

இல்லை. இந்தத் தப்பை நிகழ்ச்சிக் குறிப்புகளில்கூடப் பார்த்திருக்கிறேன். எழுதியது 1939 நவம்பர், இரண்டாம் உலகப் போர் தொடங்கி மூன்றாவது மாதம். இடம் சுவிட்சர்லாந்தின் வலே பகுதியில், சியெர் நகருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் ப்ளூஷ் என்ற சின்ன கிராமம். 1940 பிப்ரவரியில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். மனைவி சில மாதம் கழித்துதான் போய்ச் சேர முடிந்தது.

ஆக, நாட்டை விட்டு வந்தாயிற்று, அடுத்த ஊர் இன்னும் அமையவில்லை. அந்த இடைவெளியில் எழுதிய இசை இது. குழப்பத்துக்குக் காரணம், அவருடைய வாழ்க்கையின் போருக்குப் பிந்தைய பகுதியும் இதே மாதிரி இடம்பெயர்ந்த வாழ்க்கைதான். அதைக் கேள்வி 14-ல் பார்க்கலாம்.

5. டிரம்பெட் சத்தத்துக்கு முன்னாடி பியானோ எடுபடுமா?

எடுபடும். எடுபடவில்லை என்றால் வாசிப்பவர்கள் இருவரில் ஒருவர் தப்பு செய்கிறார் என்று அர்த்தம்.

நிறையப் பேர் பியானோவைத் ‘துணை’ என்று நினைத்து, மூடியைப் பாதி திறந்துவைத்து, அடக்கி வாசிக்கச் சொல்கிறார்கள். அப்படி வாசித்தால் இந்த சொனாட்டா பாதி காணாமல் போய்விடும். ஹிண்டமித் இரண்டு பேருக்கும் சரிபங்கு கொடுத்திருக்கிறார். முதல் பகுதியில் டிரம்பெட் நீண்ட சுரங்களில் நிற்கும்போது, அடியில் பியானோதான் ஓடிக்கொண்டு அந்தச் சுரங்களைத் தள்ளுகிறது. டிரம்பெட் ஓய்ந்த இடங்களில் பியானோ நிரப்பிக்கொண்டிருக்கவில்லை, பேச்சைத் தொடர்கிறது.

நான் செய்வது இதுதான். பியானோ மூடியை முழுசாகத் திறந்துவிடுவேன். டிரம்பெட் வாசிப்பவர் பியானோவின் வளைவில் நின்று, வாத்தியத்தின் வாயைக் கேட்பவர்களுக்கு நேரே பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடிப்பார். ஒத்திகையில் மூன்றாவது ஆள் ஒருவரை அறையின் கடைசியில் உட்காரவைத்து, இரண்டு வாத்தியமும் சமமாகக் கேட்கிறதா என்று கேட்டுக்கொள்வேன். வாசிக்கிற இடத்திலிருந்து நமக்கு அது தெரியாது.

6. மூணு பகுதியிலயும் என்ன நடக்குது? எதைக் கவனிச்சுக் கேட்கணும்?

முதல் பகுதியின் தலைப்பு ‘மிட் கிராஃப்ட்’, வலுவோடு என்று பொருள். டிரம்பெட் அகலமான ஒரு மெட்டோடு நுழையும். பக்கத்துப் பக்கத்துச் சுரமாக நடக்காமல், நாலாம் சுரத்துக்கும் ஐந்தாம் சுரத்துக்கும் தாவித் தாவிப் போகும் மெட்டு. டிரம்பெட் ஆதியில் அறிவிப்பு வாத்தியம். வால்வு வருவதற்கு முன்னால் அதால் அந்த மாதிரித் தாவல்களைத்தான் எளிதாக ஊத முடியும். அந்தப் பழைய குரலை ஹிண்டமித் வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறார். நடுவில் அமைதியான இடங்கள் வரும், அப்புறம் அதே மெட்டு திரும்பும்.

இரண்டாம் பகுதி சிறியது, மூன்று நிமிஷத்துக்கும் குறைவு. மிதமான நடையும் சுறுசுறுப்பான நடையும் மாறி மாறி வரும். கேட்க லேசாக இருக்கும், முகத்தில் கொஞ்சம் சிரிப்புகூட வரும். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கனமான பகுதிகளுக்கு நடுவில் மூச்சு விட ஓர் இடம்.

மூன்றாம் பகுதிதான் இந்த சொனாட்டாவின் எடை. ‘டிரவுவர்மூசிக்’, துக்க இசை என்று தலைப்பு. வேகம் ‘மிக மெதுவாக’. முழு நேரத்தில் ஏறத்தாழப் பாதி இதற்கே போகிறது. சவ ஊர்வலத்தின் கனத்த காலடி போலத் தொடங்கி, நடுவில் சற்று இலேசாகி, மறுபடி அந்தக் கனத்துக்குத் திரும்பி, கடைசியில் ஒரு பழைய தேவாலயப் பாடலில் போய் முடிகிறது. முதல் பகுதியில் அறிவித்துக்கொண்டிருந்த அதே வாத்தியம் கடைசிப் பக்கத்தில் பாடுகிறது. முதல் தடவை கேட்பவர்கள் அந்த மாற்றத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

7. கேட்டா சுருதி விலகின மாதிரி இருக்கே. ராகம் மாதிரி ஏதாவது பிடிபடுமா?

ராகம் கிடையாது, ஆனால் ஆதார சுரம் உண்டு. 12 சுரங்களையும் தாராளமாகப் பயன்படுத்துவார். மேஜர், மைனர் என்று ஒன்றுக்குள் அடைத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் எல்லாம் ஒரு மைய சுரத்தைச் சுற்றித்தான் சுழலும். இந்த சொனாட்டாவில் அந்த மையம் பி ஃபிளாட். எவ்வளவு தூரம் போனாலும் முக்கியமான நிறுத்தங்களில் வீடு திரும்பியது போல ஒரு நிம்மதி கிடைக்கும். அந்த நிறுத்தங்களைக் கவனியுங்கள். நடுவில் உறுத்துவது பாதை, தங்குமிடம் அல்ல.

இதற்கு அவர் ஒரு கோட்பாடே வகுத்து 1937-ல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு சுரத்துக்கு மற்ற 11 சுரங்களில் எது நெருங்கிய உறவு, எது தூரத்து உறவு என்று வரிசைப்படுத்தியிருப்பார். மையமில்லாத இசையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அப்படிப்பட்டவரைத்தான் பெர்லினில் மேடையேறி, மையமில்லாத வெறும் இரைச்சல் எழுதுகிறவர் என்று ஏசினார்கள். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

8. கடைசியில வர்ற அந்தத் தேவாலயப் பாட்டு என்ன?

‘ஆலே மென்ஷன் முஸ்ஸன் ஷ்டெர்பன்.’ ‘மனிதர் எல்லோரும் இறந்தே ஆக வேண்டும்’ என்பது பொருள். 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் லுத்தரன் பாடல். இப்படிச் சபையே சேர்ந்து பாடும் பாடலை ‘கொரால்’ என்பார்கள். இதே பாடலை வைத்து 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கும் ஆர்கனுக்கு ஒரு சிறு முன்னிசை எழுதியிருக்கிறார். தரங்கம்பாடி வழி வந்த நம் லுத்தரன் சபைகளில் வளர்ந்தவர்களுக்குக் கொரால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஜெர்மன் மெட்டில் தமிழ் வரிகளைப் பாடும் ஞானப்பாட்டுகள் இந்த மரபில் வந்தவைதான்.

ஹிண்டமித் வரிகளைப் பாடவைக்கவில்லை. பாடலின் பெயரை மட்டும் தாளில் எழுதிவிட்டு, மெட்டை டிரம்பெட்டிடம் கொடுத்துவிட்டார். ஜெர்மன் சபையில் வளர்ந்த ஒருவர் அந்த மெட்டைக் கேட்டால் வரிகள் தானாக மனதில் ஓடும். நமக்கு அப்படி ஓடாது. அதனால் நான் நிகழ்ச்சிக்கு முன்னால் அந்த ஒரு வரியின் பொருளைச் சொல்லிவிடுவேன். சொன்ன நாளுக்கும் சொல்லாத நாளுக்கும் அறையில் இருக்கும் அமைதியிலேயே வித்தியாசம் தெரியும்.

துக்க இசையைக் கொராலில் முடிப்பது அவருக்குப் புதிது அல்ல. 1936 ஜனவரியில் கச்சேரிக்காக லண்டனில் இருந்தபோது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறந்தார். ஹிண்டமித் பிபிசி அலுவலகத்தில் உட்கார்ந்து சில மணி நேரத்தில் வயோலாவுக்கும் தந்தி வாத்தியங்களுக்கும் ஒரு துக்க இசை எழுதி, தானே வயோலா வாசித்தார். அதுவும் ஒரு கொராலில்தான் முடிகிறது. ஆனால் அது ஒரு மன்னருக்கு எழுதியது. இதில் பாடல் சொல்வது ‘எல்லோரும்’ என்று.

9. அப்போ இது நாஜி எதிர்ப்பு இசைன்னு சொல்லலாமா?

அந்தச் சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். இன்னாருக்கு எதிராக, இன்ன நிகழ்வுக்காக என்று தாளில் ஒன்றும் கிடையாது. ஆனால் சூழ்நிலையை எண்ணிப் பாருங்கள். போர் தொடங்கி மூன்று மாதம். சொந்த நாடு இன்னொரு தலைமுறையைச் சாவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்பாவை முந்தைய போரில் பறிகொடுத்தவர், ராணுவ பேண்டில் நின்றவர், ராணுவத்தின் வாத்தியமான டிரம்பெட்டை எடுத்து வலுவோடு தொடங்கி, மரணப் பாடலில் முடிக்கிறார். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முழக்கத்துக்கும் துக்கத்துக்கும் வித்தியாசம் உண்டு. இது துக்கம். அந்தப் பாடல் வென்றவர் தோற்றவர் என்று பிரித்துச் சொல்லவில்லை.

10. எல்லா வாத்தியத்துக்கும் ஒவ்வொரு சொனாட்டா எழுதினாராமே, நிஜமா?

ஏறத்தாழ நிஜம். 1935-ல் வயலினில் தொடங்கி 1955-ல் டியூபாவில் முடித்தார். நடுவில் புல்லாங்குழல், ஓபோ, பசூன், கிளாரினெட், ஹார்ன், ஹார்ப், இங்கிலிஷ் ஹார்ன், டிராம்போன், செல்லோ, டபுள் பாஸ் எல்லாம் வந்துவிட்டன. 1939 ஒரே வருஷத்தில் மட்டும் வயலின், வயோலா, கிளாரினெட், ஹார்ன், ஹார்ப், டிரம்பெட் என்று ஆறு. ப்ளூஷில் ஆர்கெஸ்ட்ரா இல்லை, வகுப்பு இல்லை, மேடை இல்லை. மேசையும் தாளும் இருந்தன. எழுதித் தள்ளினார்.

யாரும் கவனிக்காத வாத்தியங்களுக்கும் நல்ல இசை வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். டிரம்பெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கெஸ்ட்ராவோடு தனி வாத்தியம் வாசிக்கும் கான்செர்டோ என்றால் ஹைடன் 1796-லேயே எழுதிவிட்டார். ஆனால் பியானோவோடு சமமாக உட்கார்ந்து பேசும் கனமான சொனாட்டா இதற்கு முன்னால் மிகக் குறைவு. பாரிஸ் கன்சர்வடோயர் என்ற இசைக் கல்லூரியின் தேர்வுக்காக ருமேனிய இசையமைப்பாளர் எனெஸ்கு 1906-ல் எழுதிய ‘லெஜாண்ட்’ அழகான துண்டு, ஆனால் ஆறேழு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஹிண்டமித்துக்கே இந்த சொனாட்டாவின் அருமை தெரிந்திருந்தது. அண்மையில் செய்தவற்றில் இதுவே சிறந்தது என்ற பொருளில் தன் பதிப்பாளருக்கு எழுதினார்.

11. நோட்டுல ‘பி’ டிரம்பெட்னு போட்டிருக்கு. என்கிட்ட பி ஃபிளாட் தான் இருக்கு, வேற வாங்கணுமா?

வாங்க வேண்டாம், உங்களிடம் இருப்பது சரியான வாத்தியம்தான். ஜெர்மன் முறையில் ‘பி’ என்றாலே பி ஃபிளாட். நாம் பி என்று சொல்லும் சுரத்தை அவர்கள் ‘எச்’ என்பார்கள். இது தெரியாமல் ஒரு தகப்பனார் கடை கடையாக அலைந்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார்.

சி டிரம்பெட்டில் வாசிப்பவர்களும் உண்டு. அதற்கு ஒரு முழு சுரம் இறக்கி மாற்றிப் படிக்க வேண்டும். சி டிரம்பெட் சற்றுப் பளிச்சென்று ஒலிக்கும். மூன்றாம் பகுதிக்கு பி ஃபிளாட்டின் இருண்ட, தடித்த குரல்தான் பொருத்தம் என்பது என் கருத்து. ஹிண்டமித் எழுதியதும் அதற்குத்தான்.

12. என் பையன் டிரம்பெட்ல ஆறாவது கிரேடு முடிச்சிட்டான். இதை வாசிக்கலாமா மேடம்?

இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். சுரங்களைப் பார்த்தால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும், எட்ட முடியாத உச்சம் எதுவும் இல்லை. கஷ்டம் வேறு இடத்தில். முதல் பகுதியில் உரத்து, நீளமாக, ஓய்வில்லாமல் ஊத வேண்டும். அப்புறம் உதடு களைத்துப்போன நேரத்தில் மிக மெதுவான மூன்றாம் பகுதி வரும். மெதுவான இசையில் ஒரு சுரம் நடுங்கினாலும் வெளியே தெரியும். இன்னும் வலுப்பெறாத உதட்டை வைத்து இதை முட்டி மோதினால் அழுத்திப் பிடிக்கிற கெட்ட பழக்கம் வந்துவிடும்.

பையனுக்கு ஆசை இருந்தால் இரண்டாம் பகுதியை வீட்டில் எடுத்துப் பார்க்கட்டும். கடைசிக் கொரால் மெட்டை மட்டும் தினமும் நீண்ட சுரப் பயிற்சியாக ஊதட்டும். ஒரே மூச்சில் ஒவ்வொரு வரியும் வர வேண்டும். நான் சந்தித்த நல்ல டிரம்பெட் வாத்தியார் ஒருவர் தன் மாணவர்களுக்கு இதைத்தான் கொடுத்தார்.

பியானோ வாசிப்பவரையும் முன்கூட்டியே பிடித்துவையுங்கள். நான் முதல் தடவை இதை நாலு நாளில் தயார் செய்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன். முதல் ஒத்திகையிலேயே என் கை திணறியது. டிரம்பெட் வாசித்த பெண் எனக்காகத் திரும்பத் திரும்ப ஊதி உதடு களைத்துப்போனாள். அந்தக் குற்ற உணர்வு இன்னும் இருக்கிறது. இப்போது யார் கேட்டாலும் ஒரு மாதம் கொடுங்கள் என்கிறேன்.

13. கடைசிப் பகுதி ரொம்ப இழுவையா இருக்கு. முதல் ரெண்டு மட்டும் வாசிச்சு முடிச்சா என்ன?

தேர்விலோ போட்டியிலோ ஒரு பகுதி மட்டும் கேட்டால் அதை வாசியுங்கள், அதில் வேறு வழி இல்லை. ஆனால் கச்சேரியில் நீங்களாக வெட்டாதீர்கள். ஆறாம் பதிலில் சொன்னபடி எடை முழுக்க மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கம்பீரமான அறிவிப்பும் ஒரு சின்ன நடையும். கேட்பவர்கள் கை தட்டுவார்கள், ஆனால் அது ஹிண்டமித் எழுதிய சொனாட்டா அல்ல.

இழுவையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் வாசிப்பு காரணம். ‘மிக மெதுவாக’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகத் தூக்கிவைத்தால் இழுக்கத்தான் செய்யும். பியானோவின் காலடி நிற்கக் கூடாது. மெதுவாக நடந்தாலும் ஊர்வலம் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த நடை பியானோ கையில் உறுதியாக இருந்தால், டிரம்பெட் அதன்மேல் எவ்வளவு நீளமாகவும் பேசலாம்.

14. போர் முடிஞ்சதும் அவர் ஏன் ஊருக்குத் திரும்பலை?

1940 முதல் 1953 வரை யேல் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1946-ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார். அதே வருஷம் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதையை வைத்து ‘நாம் நேசித்தவர்களுக்காக’ என்று ஒரு இரங்கல் இசை எழுதினார், பெரிய கோரஸுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும். அதில் ஓர் இடத்தில் மேடைக்கு வெளியிலிருந்து, அமெரிக்க ராணுவத்தில் வீரர்களை அடக்கம் செய்யும்போது ஊதும் ‘டேப்ஸ்’ என்ற அழைப்பு கேட்கும். ப்ளூஷில் எழுதிய துக்கத்துக்கு அது இன்னொரு கரையிலிருந்து வந்த பதில் போல எனக்குத் தோன்றும்.

போருக்குப் பிறகு ஜெர்மனிக்குப் போய்வந்தார், அங்கே கச்சேரிகளும் நடத்தினார். ஆனால் குடியேறவில்லை. 1951-ல் சூரிக் பல்கலைக்கழகத்தில் வேலை ஏற்று, 1953-ல் மறுபடி சுவிட்சர்லாந்துக்கே வந்து, ஜெனிவா ஏரிக்கு மேலே ப்ளோனே என்ற ஊரில் வீடு எடுத்தார். இறந்தது மட்டும் ஃபிராங்க்ஃபர்ட்டில், 1963 டிசம்பர் 28-ல்.

15. போருக்குப் பிறகு, இதே மாதிரி நாடு விட்டு வந்த வேற யாராவது டிரம்பெட்டுக்கு எழுதியிருக்காங்களா?

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் போஹுஸ்லாவ் மார்ட்டினூ. இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவில் பொலிச்கா என்ற ஊரில், தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் 1890-ல் பிறந்தவர். அப்பாவுக்குச் செருப்புத் தைக்கும் தொழில், கூடவே கோபுரத்தில் இருந்து ஊரில் தீப்பிடித்தால் எச்சரிக்கும் வேலை. மார்ட்டினூ 1923-ல் பாரிஸ் போனார்; 1940-ல் ஜெர்மன் படை வருவதற்கு முன்னால் அங்கிருந்து தப்பி, 1941-ல் நியூயார்க் சேர்ந்தார். போர் முடிந்ததும் நாடு திரும்பலாம் என்று எண்ணினார். 1948-ல் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் அந்தக் கதவு அடைந்துவிட்டது.

1956-ல் நியூயார்க்கில் டிரம்பெட்டுக்கும் பியானோவுக்கும் ஒரு சொனாட்டினா எழுதினார். ஒரே பகுதி, ஏழெட்டு நிமிஷம். ஹிண்டமித் போலக் கனம் இல்லை. ஒளியும் துள்ளலுமான இசை, நடுநடுவே ஊர் நினைப்பு போல மெட்டு எட்டிப் பார்க்கும். இரண்டையும் ஒரே மாலையில் வாசிக்கலாம், நான் வாசித்திருக்கிறேன். மார்ட்டினூவை முதலில் வையுங்கள். ஹிண்டமித்தின் கொராலுக்குப் பிறகு உடனே வேறெதையும் கேட்க மனசு வராது. மார்ட்டினூ 1959-ல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். 20 வருஷம் கழித்துத்தான் அவர் உடல் பொலிச்காவுக்குத் திரும்பியது.

16. எந்தப் பதிவைக் கேட்டுத் தொடங்கலாம்?

கிளென் கூல்ட் பியானோ வாசித்த பதிவு. ஃபிலடெல்ஃபியா கலைஞர்களோடு சேர்ந்து 1970-களின் நடுவில் ஹிண்டமித்தின் பித்தளை வாத்திய சொனாட்டாக்களை அவர் பதிவு செய்தார். இதில் டிரம்பெட் கில்பர்ட் ஜான்சன். பியானோ துணை அல்ல என்று ஐந்தாம் பதிலில் சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாகக் கேட்கும்.

ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கூல்டின் தெளிவு சில இடங்களில் டிரம்பெட்டைவிட நம் காதைப் பிடித்துக்கொள்ளும். வேறு இரண்டு பதிவுகளையும் தேடிக் கேட்டு, மூன்றாம் பகுதியின் வேகத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

17. நோட்டை நெட்டில் இறக்கிக்கலாமா, இல்ல காசு கொடுத்து வாங்கணுமா?

இந்தியச் சட்டப்படி இசையமைப்பாளர் இறந்து 60 வருஷத்தில் உரிமை முடிகிறது. அவர் இறந்தது 1963. ஆக 2023 முடிவோடு இங்கே உரிமைக் காலம் தீர்ந்துவிட்டது. ஐரோப்பாவில் 70 வருஷம், அதாவது 2033 முடியும் வரை உண்டு. வெளிநாட்டில் இருந்து கேட்பவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஜெர்மனியின் ஷாட் பதிப்பைத்தான் நான் வாங்கச் சொல்வேன். இதன் பதிப்பாளர்கள் அவர்கள்தான். நகலெடுத்து நகலெடுத்து மங்கிப்போன தாளில் ஒரு ஃபிளாட் குறி காணாமல் போனாலும், ஏழாம் பதிலில் சொன்ன மைய சுரம் ஆடிப்போகும். இப்படி ஒரு மங்கல் தாளால் ஒரு மாணவி வாரக்கணக்கில் தப்பு சுரம் ஊதிப் பழகி, அதை மறக்க ஒரு மாதம் பிடித்தது.

18. எப்போ கை தட்டணும்? நடுவுல தட்டிட்டா தப்பா?

பகுதிகளுக்கு நடுவில் தட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தட்டாமல் இருந்தால் வாசிப்பவருக்குச் சேர்த்துவைத்த மூச்சு கலையாது, அவ்வளவுதான். முதல் பகுதி முடிந்ததும் டிரம்பெட் வாசிப்பவர் வாத்தியத்தைத் திருப்பி உள்ளே சேர்ந்த நீரை வடிப்பார், உதட்டைத் தளர்த்துவார். அதை முடிவு என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாம் பகுதியில் கொரால் முடிந்ததும் என் கை சாவிகளிலேயே இருக்கும், பெடலும் அழுத்தியபடி இருக்கும். பியானோவுக்குள் அந்த ஒலி தேய்ந்துகொண்டிருக்கும். டிரம்பெட் உதட்டை விட்டு இறங்கும் வரை, என் கை மடிக்கு வரும் வரை பொறுத்திருங்கள். அப்புறம் தட்டுங்கள்.